உழைக்கிற உடம்புக்கும் நடை வேண்டும்

நாள் முழுக்க உழைக்கிறவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அதற்கு வலு அதிகம். பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தறியில் இறங்கும் நெசவாளர், இருட்டோடு பஸ் பிடித்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ சென்னைக்கோ போய் இரவில் வீடு திரும்பும் அவருடைய மகன், காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் காலை முதல் இரவு வரை சேலை விரித்துக் காட்டும் பெண் ஆகிய மூவரிடமும் ‘கொஞ்சம் நடங்கள்’ என்று சொன்னால் ஒரே பதில்தான் வரும். வேலையே உடம்பைப் பிழிந்து போட்டுவிடுகிறது, இதில் நடை வேறா? இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கூடவே ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. உடம்பு களைத்துப்போவதையும் உடம்பு உறுதிப்படுவதையும் நாம் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். பகல் முழுவதும் களைத்த ஒருவருடைய இதயமும் தொடைத் தசையும் அன்று போதுமான வேலை செய்யாமல் இருந்திருக்கக்கூடும். கடுமையான வேலையில் இருப்பவர் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள, வேலைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் நேரத்தை நம்பிப் பயனில்லை, ஏனென்றால் அந்த நேரம் மிஞ்சுவதே இல்லை. வேலை நாளுக்குள்ளேயே அதற்கு இடம் பிடிக்க வேண்டும். அந்த இடத்தைத் தரும் பொறுப்பு வேலை வாங்குகிறவருக்கும் உண்டு என்பது என் முடிவு.

குழித்தறியை அருகில் நின்று கவனித்தால் விஷயம் விளங்கும். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, விளிம்பில் போட்ட பலகையில் நெசவாளர் உட்காருகிறார். பாதம் மிதிகட்டையை அழுத்துகிறது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. ஒரு கை ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிறது. மறு கை பன்னையை இழுத்து ஊடையை நெருக்கி அடிக்கிறது. மறுபடியும் மிதி, நாடா, அடி. நெய்த துணி சுருளும் படமரத்தை ஒட்டி உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது. இழை அறுந்தால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதால் கழுத்து குனிந்தது குனிந்தபடியே இருக்கிறது. உடலுக்கும் கரைக்கும் நிறம் மாறும் கோர்வைச் சேலையென்றால் மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் திருப்பித் தர வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அத்தனை நாளும் தோளும் முன்கையும் கணுக்காலும் ஒரே சின்ன அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்கின்றன. இடுப்பும் தொடையும் கழுத்தும் மணிக்கணக்கில் அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இறுகியபடியே இருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. முதுகெலும்பின் வட்டுகளுக்கோ சொந்தமாக ரத்தக் குழாய்களே இல்லை என்று சொல்லலாம். பக்கத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை நம்பியிருக்கும் அவற்றுக்கு உடல் நிலை மாறிக்கொண்டே இருப்பது நல்லது. ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் எரிக்கக்கூடிய பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. தறியில் அவை இரண்டும் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இந்தியாவில் கைத்தறி நெசவாளர்களிடம் நடந்த ஆய்வுகளில் இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி ஆகியவை திரும்பத் திரும்ப முன்வரிசையில் வருவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. கணினி முன் எட்டுப் பத்து மணி நேரம் இருக்கும் வேலையென்றால், பஸ் பிடித்துப் போகும் அந்த மகனுடைய உடம்பும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறது. தொழில் மாறியிருக்கிறது, சம்பளம் கூடியிருக்கிறது, உடம்பின் நிலை மட்டும் அப்பாவிடமிருந்து அப்படியே கைமாறி வந்திருக்கிறது.

முன்பெல்லாம் நெசவு வீட்டின் வேலை இந்த ஓர் இருக்கையிலேயே குவிந்து கிடக்கவில்லை. விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை பிரித்து, முன்னும் பின்னுமாக நடந்து சரிசெய்ய வேண்டும். நூலை அலசி, சாயம் தோய்த்து, பிழிந்து உலர்த்த வேண்டும். இன்று பல வீடுகளுக்குப் பாவு மெஷினில் ஓடித் தயாராக வருகிறது, பட்டும் வாங்கும் இடத்திலிருந்தே சாயம் ஏறி வருகிறது. நெசவாளருக்கு மிஞ்சியிருப்பது உட்கார்ந்து நெய்கிற பகுதி மட்டும். அந்தக் காலத்தவர்கள் நல்ல உடம்போடு வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமையும் கடனும் அவர்களை என்ன பாடு படுத்தின என்பது இந்த ஊர் அறிந்த கதை. ஆனால் வேலை பிரிக்கப்பட்டபோது, நடக்கும் வேலைகளெல்லாம் கழன்று உட்காரும் வேலை மட்டும் ஒருவர் தலையில் விழுந்தது. இது நெசவில் மட்டும் நடந்ததல்ல. கோப்புகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்த குமாஸ்தா இன்று ஒரு பொத்தானை அழுத்தி அனுப்புகிறார்.

உடம்பின் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வும் வேலை செய்கிறவர்களைப் பற்றியதுதான். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்துத் துறையின் சுமார் 31,000 ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ஷிப்ட். ஆனால் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, இரண்டடுக்கு பஸ்ஸின் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. உடனே ஒரு மறுப்பு எழும்: உடல் பருத்தவர்கள் டிரைவர் வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அதனால் வந்த வித்தியாசமாக இது இருக்கக்கூடாதா? மாரிஸே இதை யோசித்தார். 1956இல் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, டிரைவர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. எனவே அந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆள் தேர்வின் பங்கையும் அசைவின் பங்கையும் பிரிக்க வேண்டுமென்றால், ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை நம் பக்கத்திலேயே, சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு மாற்றமும் தினசரி நடையும் சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து விசாரிக்கப்பட்ட குழுவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன்தான் கிடைத்தது. மாத்திரைக்கு நிகராக நடையும் உணவும் வேலை செய்தன என்ற இந்த உண்மை, தமிழ்நாட்டு உடம்புகளிலேயே சோதித்து அறிந்த உண்மை.

‘அப்படியானால் மூட்டை தூக்குகிறவரும் கல் உடைக்கிறவரும் நம் எல்லாரையும்விட ஆரோக்கியமாக இருக்க வேண்டுமே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்தாண்டுகள் போலப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்கு வியப்பான பதிலைத் தந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கோ இரண்டும் கூடின. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் வெளியான நார்வே ஆய்வு, உடலுழைப்பு வேலை பார்த்த ஆண்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகச் சொல்கிறது. வருமானம், புகைபிடித்தல், படிப்பு ஆகியவற்றின் பாதிப்பை முழுவதும் கழித்துவிட முடியுமா என்பதில்தான் சண்டை. சண்டை எப்படி முடிந்தாலும் நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. இதயத்துக்கு நல்லது செய்யும் அசைவு வேகமாக எழுந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வைத்து, பிறகு அடங்கி ஓய்வெடுக்க விடும். கூலிக்காகச் செய்யும் உழைப்பில் வேகத்தையும் நேரத்தையும் நிறுத்தத்தையும் தீர்மானிப்பவர் உழைப்பவர் அல்ல. நாடித் துடிப்பு நாள் முழுக்கக் கொஞ்சம் உயர்ந்தே நிற்கிறது. அடங்குவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. பட்டுக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணின் கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும், எட்டு மணி நேரம் உட்காரும் நெசவாளரின் இடுப்பு பிடித்துக்கொள்வதும் ஒரே காரணத்தால்தான். இருவருக்கும் உடம்பு ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது.

அடுத்த மறுப்பு நேரத்தைப் பற்றியது. இதுதான் மிகவும் உண்மையான மறுப்பு என்பதால் இதற்கு உபதேசமாகப் பதில் சொல்லக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் அசைவையும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சொல்கிறது. 2010இல் தந்த வழிகாட்டுதலில், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் மாடி ஏறினாலும் அது கணக்கில் உண்டு. வாரம் முழுக்க முடியாதவர்களுக்கும் கதவு மூடவில்லை: பிரிட்டனில் 89,000க்கும் மேற்பட்டவர்கள் கையில் கட்டிய கருவியின் பதிவுகளை வைத்து 2023இல் வந்த ஆய்வு, தேவையான அசைவின் பெரும்பகுதியை ஒன்றிரண்டு நாளில் முடித்தவர்களுக்கும் இதயப் பாதுகாப்பு ஏறக்குறைய அதே அளவு கிடைத்ததாகக் காட்டியது. ஆறு நாள் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் கழிகிறவர் ஞாயிற்றுக்கிழமை நடையை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2016இல் செய்த கணக்கின்படி, தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயத்தை ஈடுகட்ட நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட நடை வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி இரவு ஒன்பதுக்கு வீடு சேர்கிறவரிடம் அந்த 75 நிமிடத்தைக் கேட்பது நடக்காத காரியம். எனவேதான் பகலுக்குள் நுழையச் சொல்கிறேன். தறியே அதற்குச் சந்தர்ப்பம் தருகிறது. நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்கிறது, நெய்த துணியைப் படமரத்தில் சுருட்ட வேண்டியிருக்கிறது, இழை அறுகிறது. இந்த நிறுத்தங்கள் எப்படியும் வந்தே தீரும். அவற்றில் சிலவற்றிலாவது குழியை விட்டு எழுந்து, முதுகை நிமிர்த்தி, பத்து பஸ்கி எடுத்து உட்கார்ந்தால் சேலை தாமதமாகிவிடாது. அலுவலகத்தில் ஒவ்வொரு போன் பேச்சையும் நின்றோ நடந்தோ பேசலாம். இப்போது முதலாளியும் தொழிலாளியும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்ட இடைவேளை டீக்கு மட்டும்தான். அதிலும் அருகிலிருக்கும் கடைக்கு இரண்டடி நடந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்புகிறோம். அந்த இடைவேளையை ஒரு தெரு தள்ளியிருக்கும் கடைவரை நீட்டிக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தசை வலுவைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை என்பதால் ஒரு வார்த்தை. நாற்பதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். நடை இதயத்தைக் காக்கும், ஆனால் தரையிலிருந்து கையூன்றாமல் எழும் வலுவை அது மட்டும் தந்துவிடாது. அதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நினைப்பு பல பேரை முயற்சி செய்யவே விடுவதில்லை. தண்டாலும் பஸ்கியும் நம் ஊரில் இருந்தவைதான், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பாய் விரிக்கும் இடத்தில் செய்யக்கூடியவை.

இத்தனையும் சொன்ன பிறகு, மிகக் கனமான மறுப்புக்கு வர வேண்டும். கூலிக்கு நெய்கிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது, தறியை விட்டு எழும் பத்து நிமிடம் அவர் கையிலிருந்து போகிறது. மென்பொருள் ஊழியருக்கும் இதே கணக்கு வேறு உருவத்தில் இருக்கிறது: வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் மென்பொருள் தொழிலதிபர் நாராயண மூர்த்தி சொன்னார், 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் 90 என்று பேசினார். நாட்டுக்கு உழைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்கிறது. இந்தச் சுமையைத் தனிமனிதரின் மன உறுதியால் மட்டும் இறக்கி வைக்க முடியாது. ஒழுக்கம் இல்லாததால்தான் உடம்பு கெட்டது என்று உழைக்கிறவர் மேலேயே பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

சட்டம் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று சட்டமன்றம் முடிவு செய்தது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கச் சட்டமே தேவைப்பட்டது என்பது வருத்தமான விஷயம், ஆனால் உடம்பின் நிலையும் தொழிலாளர் உரிமையில் சேரும் என்று அதன் மூலம் ஒப்புக்கொண்டோம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில் அரசு சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, மே தினத்தில் திரும்பப் பெற்றதாக அறிவித்தது. இவை இரண்டும் நடக்க முடியுமென்றால், நிற்பவருக்கு உட்காரும் உரிமை போல, உட்காருபவருக்கு எழும் உரிமையையும் கேட்க முடியும். ‘எழுந்தால் உற்பத்தி குறையும்’ என்ற வாதம் ஒரு நாளை மட்டும் பார்க்கிறது. ஐம்பது வயதில் இடுப்பு போய்த் தறியை விட்டு இறங்கும் ஒரு கோர்வை நெசவாளரோடு, பழகி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் ஒரு கைத்திறன் போகிறது. புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்கு அந்தக் கையை விட்டால் வேறு முதலீடு இல்லை.

இடமும் வேண்டும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரிடம் விசாரித்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டவர்கள் போதிய அசைவின்றி இருப்பதையும், பொழுதுபோக்காக உடம்பை அசைப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதையும் சொன்னது. பெண்களின் நிலை இன்னும் மோசம். மக்களுக்கு மனம் இல்லை என்று யாராவது சொன்னால், சென்னை ஆசியாட் காலனியைப் பார்க்கட்டும். விழிப்புணர்வுப் பேச்சுகளுக்குப் பிறகு அங்கே குடியிருப்பவர்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்களின் பங்கு சில ஆண்டுகளில் பல மடங்கானது. நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் குழு இதைப் பதிவு செய்திருக்கிறது. ஆட்கள் அதே ஆட்கள்தான், பாதுகாப்பாக நடக்க ஓர் இடம் வந்தது, அவ்வளவுதான். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். காஞ்சிபுரத்துக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலிலும் வரதராஜப் பெருமாள் கோயிலிலும் உள்ள அகலமான பிரகாரங்களைப் போல நடப்பதற்கென்றே அமைந்த இடம் எத்தனை ஊர்களில் இருக்கிறது? தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட வீதிகள் இன்று நிறுத்திய கார்களுக்கும் பஸ்களுக்கும் போய்விட்டன. அதிகாலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் ஒரே ஒரு ராஜ வீதியையாவது வண்டியில்லாமல், விளக்கு வெளிச்சத்தோடு விட்டுப் பார்த்தால், நேரமில்லை என்று சொல்லும் பெண்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியும்.

நெசவாளர் சங்கங்கள் கூலி உயர்வுக்குப் பேச உட்காரும்போது பட்டு விலையும் ஜரிகை விலையும் வருகின்றன. அடுத்த பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தறியை விட்டு எழும் பத்து நிமிடத்துக்கும் கூலியில் பங்கு வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் அதை முதலில் கொடுத்துக் காட்டட்டும். பட்டுக்கடை முதலாளிகளும் அலுவலக மேலாளர்களும் அந்தப் பத்து நிமிடத்தைத் தங்கள் ஆட்களுக்கு நாளையிலிருந்தே கொடுக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.